கிணற்றைத் தொட வேண்டாம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பிட் ஸ்ட்ரீட்டில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில், பக்கத்து மேசையிலிருந்து திருடினேன். தீவுக்குக் கடல்மேல் பாலம் திறந்த மறு வருடம். கழுத்தில் டை கட்டிய ஒருவர் மீன் குழம்பை ஆறவிட்டு, எதிரே இருந்த நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்: "ஆறு வருசம் பத்திரமா வைச்சிருந்த பிரச்சினையடா. ஒரு பிள்ளை போய்த் தீர்த்துப்போட்டாள்!"

சோற்றில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அவருக்குச் சிவகுருநாதன் என்று பெயர் வைத்தேன். பல்கலைக்கழக விரிவுரையாளர். (எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நானே கட்டியது, கூரைகூட இன்னும் போடவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'தீவின் மேல் மழை மெல்லத் தூற...' வேண்டாம். இந்த ஊரில் மழை எப்போது மெல்லத் தூறியிருக்கிறது?

இரண்டாம் தொடக்கம்: 'சிவகுருநாதன் நல்ல மனிதர்.' அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன். உண்மையிலேயே நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை.

அவர் நடத்திய பாடத்தின் பெயர் 'நடைமுறைச் சிக்கல்களை ஆராய்ந்து தீர்த்தல்.' கடைசி ஆண்டுப் பாடம், இதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், "நாலு சுவருக்குள்ளை இருந்து படிக்கிறது படிப்பில்லை. வெளியிலை போங்கோ, சனத்தைப் பாருங்கோ" என்பார். பிள்ளைகளுக்கு நெஞ்சு விம்மும். உடனே பேருந்தில் ஏற்றி, கடல் தாண்டி, படகில் ஆறு கடந்து, பத்து காவான் என்னும் ஊரில் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் இறக்கிவிடுவார். அங்கே குடிக்கிற கிணறு உப்பு. அறுபத்திரண்டு வீடு, நாற்பது கேள்வி, வண்ண வண்ணமாய் வரைபடம், அட்டை போட்ட அறிக்கை. எல்லா அறிக்கையின் கடைசி வரியும் ஒன்றே: 'மேலும் ஆய்வு தேவை.' அடுத்த வருடம் மறுபடி பேருந்து.

அந்த ஆறு அறிக்கைகளை வைத்துத்தான் அவர் இணைப் பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார். 'உப்புநீர்க் குடியிருப்பு: ஒரு பத்தாண்டு ஆய்வு.' ஆக, இன்னும் நாலு வருடத்துக்கு உப்பு தேவைப்பட்டது.

3

அடுத்த பேட்சில் வந்தவள் ஜெயலெட்சுமி. பட்டர்வொர்த் பெண், லாரி ஓட்டுநர் மகள். ஜூலையில் ஒரு வேலை காத்திருந்தது, பட்டம் கையில் இருந்தால். வீட்டில் அவளுக்குப் பின்னால் நாலு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் கதவைத் தட்டிய வீடு, தோட்டத்தில் வேலை செய்யும் ருக்குமணியுடையது. ஆறு பேட்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"வாம்மா யுனிவர்சிட்டி. பேனா இருக்கா? பதினொன்னாவது கேள்விக்கு 'மிகவும் உப்பு', வட்டம் போட்டுக்க. பத்தொம்போதுக்கு மட்டும் என் வீட்டுக்காரர் வரணும், லேட்டாகும்லா."

ஒரு தேத்தண்ணீரும் கொடுத்தார். முந்தைய பேட்சுகள் கையோடு ஆரஞ்சு பாட்டில் கொண்டுவந்தவை. ஜெயலெட்சுமி வாங்கிக் குடித்தாள். குடித்து முகம் சுளித்து, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்: "ஏன்க்கா, வேற கெணறு வெட்டலாம்ல?"

"கோயில் பக்கம் மேட்டுல அப்பவே இடம் பாத்துட்டோமே. உங்க மொத பேட்ச்தானே வேணாம்னுச்சு! ஆராய்ச்சி முடியிற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாதாம். கெணத்தத் தொட வேணாம்னு சாரு கையெழுத்துப் போட்ட கடுதாசி, தோட்டத்து ஆபீஸ்ல ஒட்டியிருக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். இருந்தது. பழுப்பேறி, நாலு மூலையிலும் ஆணி அடித்து.

"நானும் யுனிவர்சிட்டிதான்க்கா. வெட்டுங்க" என்றாள்.

(இவ்வளவு துணிச்சல் அவளுக்கு எப்படி என்று கேட்பீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். அந்தத் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்திருந்தால் கேட்டிருக்க மாட்டோம்.)

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுவேலை. ஊரே இறங்கி வெட்டியது. பதினெட்டு அடியில் நல்ல தண்ணீர். ருக்குமணி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். "ஆறு வருஷமா என் பிள்ளைங்களுக்கு அந்தத் தண்ணிய குடுத்தேனே, பாவி!"

(முதல் கைப்படியில் கதை இங்கேயே முடிந்துபோனது. தண்ணீர் நன்றாக இருந்தால் கதைக்கு என்ன வேலை? பதறிப்போய் இரண்டாம் படியில் புதுக் கிணற்றிலும் உப்பைப் போட்டேன். இரண்டு பக்கம் அருமையாக வந்தது. ருக்குமணி அழுததை நினைத்துக் கிழித்துப் போட்டேன். சிவகுருநாதனைக் கிண்டல் செய்ய எனக்கு எவ்வளவு யோக்கியதை என்று அன்றைக்குத் தெரிந்தது.)

4

அவள் அறிக்கை ஒரே பக்கம். 'வெட்டுங்கள் என்றேன். வெட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது.'

சிவகுருநாதன் மூன்று தடவை படித்தார்.

"பிள்ளை, நான் உம்மை ஆய்வு செய்யச் சொன்னனான். கிணறு வெட்டச் சொல்லேல்லை."

"தீர்க்கணும்னு பாடத்துப் பேர்லயே இருக்கே சார்."

"அது பேர்! பேரை எல்லாம் அப்பிடியே எடுக்கிறதோ? அட்டவணை எங்கை? ஆய்வுமுறைக்கே அறுபது புள்ளி. நான் எதைப் பாத்துப் போடுறது?"

அவளைத் தேறவிடாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர் என்று சொன்னேனே. மேசை இழுப்பறையிலிருந்து அறுபத்திரண்டு வெற்றுப் படிவங்களை எடுத்து நீட்டினார். "போன மாசத் தேதி போடும். பழைய கிணத்தையே எழுதும். நீர் பாஸ். நானும்..." (இதைப் பாதியில் விட்டவர் அவர், நான் இல்லை.)

"புதுக் கெணறு சார்?"

"ஆய்வு முடியுமட்டும் மூடி வைக்கச் சொல்லி ஒரு கடிதம் போடுவம். நாலே நாலு வருசம்தானே."

5

முடிவு அ: படிவங்களை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வெளியேறுகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். ஜூலையில் அந்த நாலு பேரின் பள்ளிக்கூடச் செலவுக்கு நீங்கள் வரமாட்டீர்கள்.

முடிவு ஆ: சிவகுருநாதன் மனம் திருந்தி, கண் கலங்கி, நூற்றுக்கு நூறு... எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இ: ருக்குமணி ஊரைத் திரட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். வரவில்லை. தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை.

ஜெயலெட்சுமி வராந்தா பெஞ்சில் இருக்கிறாள். படிவங்களைக் கொடுக்கவேண்டிய அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். முதல் படிவத்தில் ருக்குமணியின் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை என்று பத்து கேள்வி நிரப்பியாகிவிட்டது. பதினொன்று: உங்கள் குடிநீரின் சுவை எப்படி? இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். ஒரு தடவை உப்புப் போட்ட கை இது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டம் போடுமுன் ஒரு விஷயம்: படிவத்தில் மூன்று பதில்கள்தான் அச்சாகியிருக்கின்றன.

கொஞ்சம் உப்பு.

உப்பு.

மிகவும் உப்பு.