நூலகப் படிக்கட்டில் எடுத்த படம்

…அந்தப் படத்தை அழிக்கணும், என் கண் முன்னாலேயே அழிக்கணும், இதைத்தானே புகாரில் எழுதிக் கொடுத்தாள், பிறகெதற்கு ஸ்வெட்டருக்குள்ளும் குளிர்கிறது, ஊட்டியா, இல்லை இந்த அறையா… மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக்கு வந்த கோகிலவாணி மேடம், இந்தப் பக்கம் மஞ்சு, கதவோரம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லூரி செக்யூரிட்டி மூக்கன். சத்தம் போடுவார்கள் என்று நினைத்திருந்தாள், மேடமோ மெதுவாகத்தான் கேட்கிறார், "ஏனுங்க மூக்கன், பொண்ணுங்களைக் கேக்காம போட்டோ எடுக்க யாரு சொன்னா?" "ஜோடியா உக்காந்தா எடுத்து ஊட்டுக்கு அனுப்போணும்னு சூப்பர்வைசர்தானுங்க சொன்னாரு." ஜோடியா… நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட்டைப் பிய்த்துத் தின்றதா ஜோடி? ஸ்டெபின் கூடப் படிக்கிறவன், கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரைக்காரன், அவன் சிரிப்பதுகூட மலையாளத்தில்தான் என்று கேலி செய்வாள், அவ்வளவுதான்… அவ்வளவுதானா?

படம் எமரால்டு கிராமத்தில் இருக்கிற அப்பாவின் போனுக்குப் போனது. அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அப்பா திட்டவில்லை, டீ ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர், அவளிடம் காட்டாமலே அதை அழித்துவிட்டு, சாப்பிடு என்றார், அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அம்மாதான், "என்னா புள்ள, இதுக்கா ஒன்னைய படிக்க அனுப்பினோம்?" என்று அழுதாள். ஸ்டெபின் வீட்டில் இன்னும் மோசம், அவன் அப்பா வந்து டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார், கோழிக்கோட்டுப் பக்கம் ஏதோ கல்லூரியாம், பழைய எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை. விடுதி அறைத்தோழி வனிதாதான் விடவில்லை. "இன்னிக்கு நீ, நாளைக்கு நானு, எழுதுடி, நம்ம உரிமைடி இது." எழுதினாள், விடுதிப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், சரிதான், எல்லாம் சரிதான், ஆனால் கூடலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடிவிடுகிறாளே, அதை எந்தப் புகாரில் எழுதுவது?

"போனை எடுங்க, அந்தப் பொண்ணு பாக்க அழிங்க" என்றார் மேடம். மூக்கன் தேடித் திறந்து நீட்டினார். இப்போதுதான், முதல் தடவையாக, பார்க்கிறாள்… படத்தில் அவள் குனிந்து மடியில் உதிர்ந்த வர்க்கித் தூளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், ஸ்டெபின் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சிரிக்காமல். இப்படி அவன் பார்த்து அவள் கண்டதே இல்லை, அவள் திரும்பும்போதெல்லாம் அவன் எதிர் மலையையோ குரங்கையோ பார்த்துக்கொண்டிருப்பானே… இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற வேறு படமும் இல்லை, எடுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. "அழிச்சிரட்டுங்களா, பாப்பா?" மூக்கனின் விரல் நிற்கிறது. எனக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள் என்றால்? அப்படியானால் இந்தப் புகார் எதற்கு என்று மேடம் கேட்பார், வெளியே நிற்கிற வனிதா முகத்தில் எப்படி முழிப்பது, கையெழுத்துப் போட்ட அத்தனை பேர்… "அழிச்சிருங்க."

அழிந்தது. குப்பைப் பெட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார் மேடம், அதுவும் அழிந்தது. இனிமேல் செக்யூரிட்டி யாரும் படம் எடுக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சூப்பர்வைசரையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றார். வெளியே வந்ததும் வனிதா கட்டிக்கொண்டாள், "ஜெயிச்சுட்டோம்டி!" ஆமாம், ஜெயித்துவிட்டோம், சந்தோஷம்தான், பொய்யில்லை… மைதானத்தில் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, யாரோ தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள், மஞ்சு கண்ணை மூடி அந்தப் பார்வையைப் பிடித்து வைக்கப் பார்க்கிறாள், முகம் வருகிறது, ஸ்வெட்டரின் பச்சை வருகிறது, பார்வை மட்டும் நழுவுகிறது… தான் அப்படிப் பார்த்தது, அவனுக்காவது தெரியுமா?