தொட்டியைச் சுற்றிய பலகைகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கண்டியில் ஒரு சிநேகிதியின் குளியலறையில் கை கழுவப் போனபோது சுவரில் தொங்கிய துவாயைத் தொட்டேன். அவள் ஓடிவந்து அதை இழுத்துப் பிடித்தாள். பின்னால் உக்கிப்போன பலகை. அப்போது அவள் முகம் போன போக்குத்தான் என்னை எழுத வைத்தது. (அனுமதி கேட்கவில்லை. பெயரையும் காலத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

2

கண்டிக் குளத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு...

வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு சரோஜினிதேவியும் அரசாங்க உத்தியோகத்தரான கணவர் பாலேந்திரனும் குடிவந்த அரசாங்க வீட்டில் அதுவரை வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். குளியல் தொட்டியைச் சுற்றிச் சுவரில் இடுப்பளவுக்குப் பலகை அடித்திருந்தது. துரைமார் தொட்டியில் படுத்துக் குளிப்பவர்கள். சரோஜினிக்கு அது அருவருப்பு. தன் அழுக்கிலேயே ஊறிக் கிடப்பதா? அவள் தொட்டிக்குள் வாளியை வைத்து, நின்றபடி செம்பால் மொண்டு தலையில் ஊற்றினாள். எட்டு மாதம் நனைந்து பலகை உக்கிப்போனது.

3

(பாலேந்திரனை முதலில் கொடுமைக்காரனாக எழுதியிருந்தேன். அவர் பயந்தவர், அவ்வளவுதான்.)

"சரோ, வாற திங்கள் வீடு பார்க்கத் துரை வாறாராம். இதைக் கண்டாரெண்டால், எங்கட ஆக்களுக்கு இப்பிடி வீட்டில இருக்கத் தெரியாதெண்டு எழுதிப்போடுவார். வீடும் போச்சு, மானமும் போச்சு."

"நான்தானே நாசமாக்கினது."

நானும்தானே ஊத்தினனான் என்று அவர் சொல்லியிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

4

அவர் கந்தோர் வேலைக்குப் போனதும் அவள் தச்சர் றவூப் பாஸுக்கு ஆள் அனுப்பினாள்.

"எல்லாம் என்ர பிழை, பாஸ்."

அவர் இடுக்கில் உளியைக் கொடுத்து ஒரு பலகையை நெம்பினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க வந்து பாருங்க நோனா. இதுக்குப் பின்னால இன்னொரு பலகை இரிக்கி. அதுவும் உக்கினதுதான். கழட்டாம மேலயே புதுசு அடிச்சி மறச்சிரிக்காங்க."

"ஆர்?"

"வேற யாரு? முந்தி இருந்த தொரமாருதான். படுத்துக் குளிச்சும் உக்கிரிக்கி."

சரோஜினி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். (இங்கே அவளை அழவைக்க எண்ணியிருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு.)

றவூப் பாஸ் இரண்டு அடுக்கையும் கழற்றினார். சுவரைக் காயவிட்டு, புதுப் பலகைகளின் முதுகில் தார் பூசி அடித்தார். இடுக்குகளில் தண்ணீர் புகாதபடி மக்குப் பசை அடைத்தார்.

"இந்த மொற தலமட்டத்துக்கு அடிச்சிரிக்கேன். நீங்க நின்டு குளிக்கிற ஆக்கள்தானே? குளிச்சி முடிஞ்சா சீலயால தொடச்சிடுங்க. வருசத்துக்கு ஒருக்கா மக்கப் பாருங்க."

5

திங்கட்கிழமை துரை வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார்.

ஒரு முடிவில் பாலேந்திரன் முந்திக்கொள்கிறார்: "நாங்கள் ரெண்டு பேரும் நிண்டுதான் குளிக்கிறனாங்கள், சேர்." (இது நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசையை நம்பி முடிவு எழுதக்கூடாது.) இன்னொன்றில் சரோஜினி துரையைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், குவித்து வைத்த இரண்டு அடுக்குப் பலகையையும் காட்டுகிறாள். மூன்றாவதில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு...

வீடு அவர்களிடமே இருக்கும். அதில் நான் உறுதி. துரைக்குச் சொல்லும் பதிலை மட்டும் நீங்கள் அவளுக்குக் கொடுங்கள். தயவுசெய்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். முதல் மூன்று பிரதிகளிலும் நான் அதைத்தான் செய்தேன்.