ஆதவன் தூர்வாரிய குளம்

எங்கள் தெருக்காரர்கள் குளிக்கக் கூடாத கோயில் குளத்தை என் தம்பி ஆதவன்தான் பையன்களைச் சேர்த்துத் தூர்வாரினான். அதற்காக டெல்லியில் மெடல் கொடுத்தார்கள். அவன் காரைக்கால் திரும்பியதும் குளக்கரையிலேயே பாராட்டு விழா. ஊர்ப் பெரியவர் பஞ்சநாதன் சால்வையைத் தோளில் போர்த்தாமல் கையில் கொடுத்தார்.

"இனிமே நாமளும் குளிக்கலாம்லக்கா?" என்று என் காதோரம் கேட்டுவிட்டு, கேசரி ஒட்டிய கையைக் கழுவப் படியில் இறங்கினான்.

"தம்பி, அங்க எறங்காத. அந்தாண்ட கொழா இருக்கு பாரு" என்றார் பஞ்சநாதன், சிரித்தபடியே.

"சாக்கடையா கெடந்தப்ப மட்டும் எறங்கலாமா?" என்று கத்தினேன்.

"காலேஜுப் பட்டம் வாங்குன திமிரப் பாரு இவளுக்கு" என்றது கூட்டம்.

"வாக்கா, வீட்டுல கழுவிக்கிறேன்" என்று தம்பி என்னை இழுத்துக்கொண்டு நடந்தான். வீடு வரும்வரை அந்தக் கையை எதிலும் படாமல் விரித்தே வைத்திருந்தான்.