கருவிகளுக்கு ஓய்வு

லைப்சிக்குக்கு வந்த இரண்டாம் ஆண்டில் கோவிந்தராஜனுக்கு அலங்காரம் பிடிக்காமல் போயிற்று. அதற்கு முன் பிடித்திருந்தது. கல்யாணப் புகைப்படங்கள் சாட்சி.

காரணம் பௌஹௌஸ். முதல் உலகப்போர் முடிந்த கையோடு வைமாரில் தொடங்கிய கலைப்பள்ளி. கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் நடுவே சுவர் வேண்டாம், பூவேலை வேண்டாம், இயந்திரத்தில் செய்த நல்ல பொருள் சாதாரண மனிதன் வீட்டுக்கும் போகட்டும் என்றார்கள் அங்கே. பதினான்கு ஆண்டில் மூடிவிட்டார்கள். எழுபது ஆண்டு கழித்து ஒரு மென்பொருள் பொறியாளன் வீட்டில் அது மறுபடி திறந்தது. மாணவி ஒருத்திதான்: மனைவி ரமா. ஏழு மாதக் கர்ப்பம்.

பூப்போட்ட திரைகள் போயின. மெத்தை வைத்த பழைய நாற்காலி போயிற்று. வளைந்த எஃகுக் குழாயில் தோலை இழுத்துக் கட்டிய நான்கு நாற்காலிகள் வந்தன. சாதாரண மனிதனுக்காக யோசித்தவை. வேலை நிரந்தரமாகும்வரை கோவிந்தராஜனால் வாங்க முடியவில்லை.

ரமாவால் அவற்றில் உட்கார முடிந்தது. எழுந்திருக்க அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“என்னங்க, ஒரு சோபா வாங்கலாமே. முதுகு விட்டுப்போகுது.”

“இது அலங்காரச் சாமான் இல்ல ரமா. உட்கார்றதுக்கான டூல். ஃபங்ஷனைப் பாரு.”

“பார்த்துட்டேதான் இருக்கேன். எந்திரிக்க முடியாம.”

நகரத்தின் வடிவமைப்பு நேசர் சங்கத்தில் சேர அவன் மனுப் போட்டிருந்தான். ஒரு ஞாயிறு, தலைவி ஃபிராவ் லிண்ட்னர் வீட்டைப் பார்க்க வந்தார். டிராம் நிறுத்தத்துக்கே போய் அழைத்துவந்தான்.

நான்கு நாற்காலிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி. ஓரத்தில் மிக்ஸியும் அவனுடைய லேப்டாப்பும் அதே கோலத்தில்.

“ரமா! என்ன பண்ணி வெச்சிருக்க?”

“நீங்கதானே டூல்னீங்க? இன்னிக்கு ஆயுத பூஜை. நாளைக்குக் காலைல எடுக்கற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது.”

பள்ளி நாட்களில் அந்த ஒரு நாள் புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்தவன் அவன். வைமார் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கவில்லை. வியர்த்தபடி ஜெர்மனில் விளக்கினான்.

“உட்கார வேண்டாமா?” ஃபிராவ் லிண்ட்னரின் முகம் மலர்ந்தது. “நல்லவேளை. இதில் உட்கார்ந்தால் என் இடுப்பு போய்விடும்.”

“உங்கள் வீட்டில்?”

“இரண்டு இருக்கின்றன. பார்ப்பதற்கு. நான் உட்காருவது சோபாவில். பெரிய ரோஜாப்பூ போட்டது.”

நின்றபடியே சுண்டல் சாப்பிட்டார். அவனைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சோபா வந்தது. ரமா முதுகு முதுகு என்று மாதக்கணக்கில் சொல்லியிருந்தாள். ஃபிராவ் லிண்ட்னர் இடுப்பு என்று ஒருமுறை சொன்னார்.

“பூப் போட்டிருக்கே?” என்றாள் ரமா.

“அவங்க வீட்லயும் பூதான்.”

நாற்காலித் தோலில் குங்குமம் போகவில்லை. அவன் தேய்த்ததில் பரவியிருந்தது.

ரமா சோபாவில் உட்கார்ந்தாள். பிறகு, யாரையும் கூப்பிடாமல், எழுந்தாள்.