வாத்துத் தலை

ஆற்றோரப் பாதையின் வளைவில் மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தால் அது நெவில். உடனே நான் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவேன். தேம்ஸ் ஆறு பிறக்கும் புல்வெளியிலிருந்து இதே பிழைப்புதான். அவன் ஓடுவான், நான் காரில் முன்னால் போய், படகுகளை ஏற்றி இறக்கும் அடுத்த மதகில் காத்திருப்பேன். காத்திருப்பது சுகமான வேலை என்று நினைப்பவர்கள் என் இடுப்பை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும்.

நெவில் என் தங்கை லொரெய்னின் கணவன். அறுபதைத் தாண்டியவன். ஓடுவது வாத்து வேஷத்தில்.

எங்கள் இங்கிலாந்து ஆட்களிடம் இது ஒரு வழக்கம். நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட ஓடுகிறவன் சும்மா ஓடினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காண்டாமிருகமாகவோ கேரட்டாகவோ ஓட வேண்டும். இந்த வாத்து லொரெய்ன் தைத்தது. எங்கள் ஊர்ப் பாலத்திலிருந்து வருஷா வருஷம் பிளாஸ்டிக் வாத்துகளை ஆற்றில் கொட்டிப் பந்தயம் விடுவோம். அன்றைக்கு வாத்தாக நின்று சீட்டு விற்பவள் அவள்தான். பஞ்சு அடைத்த பெரிய தலை, ஆரஞ்சு அலகு, மஞ்சள் உடுப்பு. போன குளிர்காலத்தில் அவளைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்ட பராமரிப்பு இல்லத்துக்காக, இவன் இப்போது அதற்குள் புகுந்துகொண்டு லண்டன்வரை ஓடுகிறான். உடுப்பு அவள் அளவு. இவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது.

லொரெய்ன் என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இவனைப் பற்றித்தான். "அவனப் பாத்துக்க பெவ். சொல்லலேன்னா ஒரு சட்டையக்கூடத் துவைக்க மாட்டான்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆகவே இவனை உயிரோடு லண்டனில் சேர்ப்பது என் தலைமேல் விழுந்தது. அதற்கு இடைஞ்சல் அந்த வாத்துத் தலை. ஜூலை வெயிலில் பஞ்சுத் தலைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறான். டீயைக்கூட அலகுக்குள் உறிஞ்சுகுழாயை விட்டுக் குடிக்கிறான்.

"மயக்கம் போட்டு ஆத்துல விழுந்தா நான் குதிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அதக் கழட்டித் தொலைப்பா."

"நல்லாத்தான் இருக்கேன் பெவ்."

"நல்லா இருக்கிற மூஞ்சியக் காட்டு பாப்போம்."

"வாத்து சிரிச்சிக்கிட்டுத்தானே இருக்கு? அப்புறம் என்ன?"

நல்லாத்தான் இருக்கேன். எங்கள் ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அதைத்தான் சொல்வார்கள். கேட்டவர் அதோடு விட்டுவிட வேண்டும். அதற்குமேல் கிண்டினால் மரியாதைக் கேடு. நானும் விட்டேன்.

கோரிங் ஊரில் தங்கிய சாயங்காலம் அவன் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கி விழுந்தான். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். வாத்துத் தலை காரின் பின்சீட்டில் கிடந்தது. கதவைத் திறந்ததும் குடலைப் பிடுங்கும் நாற்றம். இத்தனை நாள் வேர்வை. அசதியில் எனக்குக் கண் செருகியது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தவள் நான். விடுதிக் குளியல் தொட்டியில் முட்டி போட்டு, லாவெண்டர் சோப்புத் திரவம் விட்டு, நுரை நுரையாகப் பிழிந்தேன். விடுதிக்காரம்மாவைக் கெஞ்சி வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் காயவைத்தேன். என்னைப்போல் ஒரு அக்கா உண்டா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் அவன் அதை மாட்டினான். அசையாமல் நின்றான். பிறகு மெல்லக் கழற்றினான்.

"துவைச்சியா?"

"பின்ன? நாயே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கும்."

"தேங்க்ஸ் பெவ்," என்றான். "ரொம்ப தேங்க்ஸ்." அதைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலச் சீட்டில் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு ஓடினான்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படிப்பட்ட மரமண்டை நான்.

மேப்பிள்டரம் மதகில் படகுக்காரர்கள் கைதட்டத் தயாராக நின்றார்கள். 'வாத்து வருது' என்று மேல் மதகுகளிலிருந்தே சேதி வந்திருந்தது. வந்தது வாத்து உடம்பில் ஒரு கிழவனின் முகம். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. தட்ட வந்த கைகள் பாதியில் நின்றன.

"தலை எங்க, வாத்தய்யா?" என்றாள் மதகுக்காரி.

"சலவைக்குப் போயிருக்கு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

டீயை நீட்டினேன். "என்னாச்சு நெவ்?" என்றேன். புறப்பட்டதிலிருந்து அதை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"நல்லாத்தான்..." என்று தொடங்கி நிறுத்தினான். "அதுக்குள்ள அவ வாசனை இருந்துச்சு பெவ். புதினா மிட்டாய் மெல்லுவாளே, அது. முடிக்கு அடிக்கிற ஸ்பிரே. நாத்தத்துக்கு அடியில இருந்துச்சு."

சொன்னதும் கோப்பையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனான். இப்படி ஒன்றைச் சொன்னபிறகு எங்கள் ஆட்களால் எதிரில் நிற்க முடியாது.

காருக்குள் உட்கார்ந்து அந்தத் தலையை எடுத்து மாட்டிக்கொண்டேன். லாவெண்டர். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், லாவெண்டர்தான். என் தங்கையின் கடைசி வாசனையை என் கையாலேயே பிழிந்து சாக்கடையில் விட்டிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டிச் சிரித்துக் கையசைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சிரிக்கிற வாத்து. இவன் ஏன் இதைக் கழற்றவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் அப்போது புரிந்தது.

சானிங் மதகுக்கு அவன் நொண்டி நொண்டி நடந்து வந்தான்.

"மன்னிச்சிரு நெவ்."

"அட விடு. நீ துவைக்கறதுக்கு முந்தியே, வாலிங்ஃபோர்ட்லயே அது போயிருச்சு. அப்புறம் இருந்ததெல்லாம் என் வேர்வைதான்."

காலை மிதித்தவனிடம் நாமே மன்னிப்புக் கேட்கிற ஜாதி நாங்கள். நம்புவதா வேண்டாமா? இப்போது மறைக்க அலகு இல்லை. அவன் முகத்தையே பார்த்தேன்.

"உண்மையச் சொல்லு."

அவன் ஆற்றைப் பார்த்தான். "கொஞ்சம் இருந்துச்சு," என்றான்.

இருவரும் புல்லில் உட்கார்ந்தோம். சீஸ் சாண்ட்விச்சை நீட்டினேன். வாங்கினான், தின்னவில்லை.

"முடியல பெவ்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. லொரெய்ன்கூடச் சொல்லவில்லை.

"எனக்கும் முடியலப்பா," என்றேன்.

அவன் தலையாட்டினான். குனிந்து ஷூ நாடாவை இறுக்கினான். "நிறுத்த மாட்டேன். ஆனா தனியா ஓட முடியல. கூட வர்றியா?"

"என் இடுப்ப வச்சிக்கிட்டு ஓடவா?"

"நடக்கலாம்."

"காரு?"

"பஸ் புடிச்சு வந்து எடுத்துக்கலாம்."

வாத்துத் தலையைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். அவன் முகமும் என் முகமும் பார்க்கச் சகிக்கவில்லை. எதிரே வந்தவர்கள் "எல்லாம் நல்லாத்தானே?" என்று கேட்டார்கள்.

"இல்லீங்க," என்றான் நெவில். நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம்.