பெரட்டுக் களத்து சிக்னல்

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் போனுக்கு சிக்னல் கிடைப்பது, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மட்டும்தான். சிக்னல் வரும்போது கொழுந்தெல்லாம் அந்தப் பக்கமாகச் சாயும். நம்பாவிட்டால் போகட்டும்; அங்கே நம்புவதற்கு வேறு சங்கதிகள் இருந்தன.

காலையில் எல்லோருடைய போனும் ஒன்றாகக் கத்தும். வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததைக் கணபதி கங்காணி சத்தமாகப் போட்டுக் காட்டுவார். பெரட்டில் காதில் விழுந்தது எதுவானாலும் எங்கள் ஆட்களுக்கு அது துரையின் உத்தரவு. அன்று வந்தது முகம் தெரியாத ஒருவனின் குரல்: "முஸ்லிம் ஆளுங்க விக்கிற பணிஸ்ல புள்ள தங்காத மருந்து கலக்குறாங்க. லயத்துப் பக்கம் விடாதீங்க."

ரொட்டியும் பணிஸ் பன்னும் ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்குத் தினமும் ஏறி வருவது மபாஸின் பாண் ஆட்டோ ஒன்றுதான். அவன் வாப்பா காலத்திலிருந்து அந்தப் பணிஸைத் தின்று என் வீட்டுக்காரி எட்டுப் பெற்றாள். அதைச் சொன்னேன்.

"பெருசு, ஒங்களுக்கு ஒலகம் தெரியல" என்றான் தயாபரன். பக்கத்தில் அவன் மனைவி மதுஷா, நிறைமாத வயிறு, வாயில் பாதிப் பணிஸ். அதைப் பிடுங்கி எறிந்தான்.

"பசிக்குதுங்க" என்றாள் அவள்.

அன்றே தயாபரன், ஆட்டோ ஏறாதபடி, பாதைக்குக் குறுக்கே ஒரு சவுக்கு மரத்தை வெட்டிச் சாய்த்தான். குரூப்பில் அதன் படத்துக்கு விழுந்த கும்பிடு கைகளை அடுக்கினால் கோயில் கோபுரத்தைத் தாண்டும்.

அடுத்த வாரம் அடைமழையில் மதுஷாவுக்கு வலி கண்டது. தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்தது. தயாபரன் களத்துக்கு ஓடி மபாஸுக்குத்தான் போன் போட்டான். மபாஸ் வந்தான், மரம் வரைக்கும்.

"அண்ணே, மரத்தத் தள்ளுங்க, மேல வாறேன்!"

சாய்க்கும்போது ஒருவன் போதும். தள்ளும்போது லயத்து வீடுகளின் ஆட்கள் மொத்தமும் பத்தவில்லை. மதுஷாவைக் கம்பளியில் தூக்கி, வழுக்குப் பாதையில் மெல்ல மெல்ல இறக்கினோம். மபாஸ் ஓட்டிய ஓட்டத்தில் வளைவுகளே நேராகிவிட்டன. அப்படியும் தாய் மட்டும்தான் மிஞ்சினாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

மறுநாள் பெரட்டில் போன்கள் கத்தின. கங்காணி போட்டுக் காட்டினார். தயாபரனின் குரல்: "மபாஸ் ஆட்டோவுல ஏத்துன பெறகுதாங்க புள்ள போச்சு."

"ஏன்டா, ஒனக்குத் தெரியுமேடா?" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. "தெரியும் பெரியப்பா. எப்புடிப் போச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. மரத்த வெட்டுனவன் நான்னு சொல்லவா?"

அவன் கையிலிருந்த போனில் கும்பிடு கைகள் விழுந்துகொண்டே இருந்தன.

அந்த மரம் இன்னும் குறுக்கேதான் கிடக்கிறது. வேர் விட்டுவிட்டது.