ஒன்றாம் நம்பர் தடுப்பு காலியாக இருக்கிறது

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் தொடங்கியது. குதிரைப் பந்தயப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு குதிரைக்கு மூன்று வரிதான். நான்காவது வரி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். தொக்காச்சி யோரிமிச்சி என்ற குதிரைக்கு நான் எழுதிய மூன்று வரியைப் படித்துவிட்டு, அவனைப் பராமரிக்கும் கன்பாரா சயோகோ, ஜப்பானின் வடக்கே சப்போரோ மைதானத்து லாயத்தில் என்னை மடக்கிப் பிடித்தாள்.

"சோம்பேறின்னு எழுதியிருக்கீங்களே, அவன்கூட ஒரு நாள் இருந்து பாத்திருக்கீங்களா? ஒருத்தன் மானத்த மூணே வரியில வாங்குறதுக்கு சம்பளம் வேறயா?"

"இடம் இல்ல சயோகோ-சான்..." என்று மரியாதையாகவே இழுத்தேன்.

"இடம் இருக்கிற எடத்துல எழுதுங்க. நெசத்த எழுதுங்க."

அந்த இடம் இதுதான். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்டினேன். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படிக்கவே உட்கார்ந்தாள்.*

* பந்தயத்துக்கு வருகிறவர்கள் எல்லோர் காதிலும் அந்தப் பென்சில் இருக்கும். ஆனால் பத்திரிகையில் குதிரையின் பெயரை அடிக்கோடிடுவதைவிட எழுத்தாளனை அடித்துத் திருத்துவதில் அதற்கு உற்சாகம் அதிகம் என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "மார்ச் மாதம், கொட்டும் பனியில், ஹிதாகா பண்ணையில் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டே எழுந்து—"

(நிறுத்திவிட்டேன். குதிரைக் கதையென்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா? அவன் பிறந்தது மே மாதம், நல்ல வெயிலில். பிறந்ததும் நன்றாகத் தூங்கினானாம்.)

இரண்டாம் தொடக்கம்: "அவனுக்கு ஓடத் தெரியும். ஆனால் முன்னால் யாராவது ஓடவேண்டும்."

இதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவன் கஷ்டமே இதுதான். பதினொரு பந்தயம் ஓடியிருக்கிறான், ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஐந்து முறை இரண்டாம் இடம். கடைசி நேர்ப்பாதையில் எல்லோரையும் முந்திவிடுவான். முந்திய கையோடு தலையைத் தூக்கி, காதை விடைத்து, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவான். கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்துவிட்டு வாசலிலேயே தயங்கி நிற்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். அதே முகம்தான். அதற்குள் இன்னொன்று கடந்து போய்விடும்.

மூன்று வயதாகியும் ஒரு வெற்றிகூட இல்லாத குதிரைகளுக்கான பந்தயங்கள் கோடையோடு முடிந்துவிடும். அதற்குள் ஜெயிக்காத குதிரைக்கு இங்கே இடமில்லை. அவன் முதலாளி ஒபிஹிரோவில் பயறு மொத்த வியாபாரி, கெட்ட மனிதர் இல்லை. "ஜெயிச்சா வச்சுக்கலாம். இல்லேன்னா அடுத்த வாரம் லாரி வரும்" என்று சொல்லியிருந்தார். அதில் ஏறிய குதிரை திரும்பி வந்ததில்லை; லாரி எங்கே போகும் என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை. சயோகோவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் அவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை உடம்பு தேய்த்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்தயம்.

3

என் முதல் பிரதியில் அவன் இப்படி ஜெயித்தான்: "மைதானத்தின் நடுவே நிற்கும் பெரிய திரையில் ஒரு குதிரை ஓடிக்கொண்டிருந்தது. அது தானேதான் என்று அறியாமல், அதைத் துரத்திக்கொண்டு—"

எழுதி முடித்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. சயோகோ குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"திரை சனங்க பக்கம்ல பாத்துக்கிட்டு நிக்குது? ஓடுறவனுக்கு அதோட ஓரந்தான் தெரியும். இருபத்திரண்டு வருசமா எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க பத்திரிகைக்காரரே?"

நடந்ததையே எழுதுகிறேன்.

பந்தயத்துக்கு முன்பு ஜாக்கி இவாசே, நாற்பத்தேழு வயதுக்காரர், அலுத்துக்கொண்டார். "முன்னாடி போனா நின்னுடுறான். போகாட்டா தோத்துடுறான். நான் என்ன நடுவுல தொங்கவா?"

"ஆமா, தொங்குங்க," என்றாள் சயோகோ. "பக்கத்துக் குதிர கழுத்தோட ஒட்டிக்கிட்டே வாங்க. கடைசி அடியில மூக்க மட்டும் நீட்டட்டும்."

"மூக்கு என் கையிலயா இருக்கு?"

"அவங்கிட்ட நான் பேசியிருக்கேன். நீங்க சும்மா உக்காருங்க."

4

இங்கே ஒரு திருத்தம். அந்தப் பக்கத்துக் குதிரையை "மூன்றாம் நம்பர்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பில் வந்தது: அதுக்குப் பேரு இல்லையா? அதுக்கும் அதுதான் கடைசி.

பெயர் இருக்கிறது: மினாமி கொபுனே. அதைப் பராமரித்தவர் துஜி. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அவர் குதிரைக்கும் ஒரு லாரி காத்திருந்தது. பெயரை எழுதியதும் என் கதை கெட்டுப்போனது. அதுவரை யார் ஜெயிக்கவேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

5

கடைசி வளைவில் யோரிமிச்சியும் கொபுனேயும் ஒன்றாகவே திரும்பினார்கள், ஒன்றாகவே வந்தார்கள். யோரிமிச்சி தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில்தான் ஆள் இருக்கிறதே! நிருபர் மாடத்தில் கத்தக் கூடாது என்பது விதி. கத்தினேன். எல்லைக் கம்பத்தைக் கடக்கும்போது எந்த மூக்கு முன்னால் என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் "புகைப்படம்" என்ற விளக்கு எரிந்தது; படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

ஓடி முடித்த குதிரைகள் வந்து நிற்க எண் போட்ட தடுப்புகள் உண்டு. முதலில் வந்தது ஒன்றில் நிற்கும், அடுத்தது இரண்டில். இவாசே தோற்றுவிட்டோம் என்று நினைத்து இரண்டுக்கு வந்தார். கொபுனேயின் ஜாக்கியும் அப்படியே நினைத்து இரண்டுக்கு வந்தார். ஒரே தடுப்பில் இரண்டு குதிரைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றில் யாருமில்லை.

"துஜி-சான், ஒண்ணு உங்களோடது. போங்க," என்று சயோகோ குனிந்து வணங்கினாள்.

"என்னம்மா வெளையாடுற? என் பய மூக்கு பின்னாடிதான். நீ போ."

"இல்ல, பெரியவங்க நீங்க போங்க."

"வயசுக்கா பரிசு குடுக்குறாங்க? போம்மா!"

"யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்களேன்!" என்றார் அதிகாரி.

இருவரும் மறுபடி வணங்கினார்கள். யோரிமிச்சி கொபுனேயின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பன்னிரண்டு நிமிடம் அப்படியே போனது.

6

மூன்று முடிவு எழுதினேன். மூன்றில் ஒன்று உண்மை.

(அ) யோரிமிச்சி ஜெயித்தான். சயோகோ அடித்துவிட்டு எழுதினாள்: துஜி-சான் மொகம் எங்க?

(ஆ) கொபுனே ஜெயித்தது. இதை அடித்தபோது பென்சில் அழுத்தி தாளே கிழிந்தது. எதுவும் எழுதவில்லை.

(இ) இருவரும் சமம். இரண்டும் வெற்றிதான், இரண்டு லாரியும் காலியாகவே திரும்பின. இதை அவள் அடிக்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்: இத யாரும் நம்ப மாட்டாங்க.

"அப்போ எதைத்தான் போடுறது?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "அந்தப் பன்னெண்டு நிமிசத்தோட நிறுத்துங்க. அவனுக்கு முன்னாடி யாரும் இல்ல. ஆனா பயப்படல. பக்கத்துல ஒருத்தன் இருந்தான். எத்தன வருசம் ஓடினாலும் அவனுக்கு அதுதான வேணும்?"

சோம்பேறி என்று எழுதினவன் நான்தான்.

7

பன்னிரண்டு ஓட்டத்தில் அவன் பிடித்த இடம்: 5, 2, 2, 4, 2, 7, 2, 3, 6, 2, 4, (   ).

கடைசிக் கட்டம் எனக்குத் தெரியும். சயோகோவுக்கும் தெரியும். சிவப்புப் பென்சில் இப்போது உங்கள் காதில். இரண்டாம் தடுப்பில் சயோகோவும் துஜியும் இன்னும் ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கி எப்போதும் சொல்வதையே சொல்கிறது: முடிவு உறுதியாகும்வரை உங்கள் பந்தயச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.